பொட்டு வைத்த பிஎஸ்4: ரிப்பேரா, புதுசா?

கேள்வி (திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர்)
15 அக்டோபர் 2024

பிஎஸ்4 ஸ்லிம் (சோனியின் வீடியோ கேம் கன்சோல், பிளேஸ்டேஷன் 4). 2018-ல் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாங்கிவந்தது. இத்தனை வருஷம் ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை ஆயுத பூஜைக்கு டிவி ஸ்டாண்டை இழுத்துப்போட்டுத் துடைத்து, இதற்கும் சேர்த்து சந்தனம் குங்குமம் வைத்தோம். சனிக்கிழமை சாயங்காலம் போட்டால் வெள்ளை லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, டிவியில் மட்டும் 'சிக்னல் இல்லை'. இங்கே ஒரு கடையில் காட்டினேன். போர்டு (உள்ளே இருக்கும் மதர்போர்டு) போய்விட்டது, 9,000 ஆகும், கேரண்டி எல்லாம் கேட்கக்கூடாது என்றார். செகண்ட் ஹேண்ட் ஒன்று 14,000-க்கு வருகிறது. புது பிஎஸ்5 என்றால் 54,990. ரிப்பேர் பண்ணுவதா, மாற்றிவிடுவதா?

15 அக்டோபர் 2024, இரவு 10.40

மாற்றிவிடுங்கள். ரிப்பேர் செலவு அதே சாமானின் விலையில் பாதியைத் தாண்டினால் தொடக்கூடாது. இது என் பழைய கணக்கு. 14,000-ல் பாதி 7,000. அவர் கேட்பது 9,000, அதுவும் கேரண்டி இல்லாமல். பேச என்ன இருக்கிறது?

16 அக்டோபர் 2024, காலை

கடையை மூடிவிட்டு வந்து சாப்பாட்டுக்கு முன்னால் எழுதியது மேலே இருப்பது. (மன்னார்குடிப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். சம்பா நடவு நேரம், யூரியா கேட்டு வருகிற கூட்டத்தில் புத்தி நிதானமாக இருக்காது.) காலையில் திரும்பப் படித்தால் ஒன்று உறுத்துகிறது. போர்டு போய்விட்டது என்று அந்தக் கடைக்காரர் எப்படிக் கண்டுபிடித்தார்? கழற்றினாரா? மீட்டர் வைத்தாரா? கவுண்டரிலேயே ஆன் பண்ணிப் பார்த்துவிட்டு சொல்லியிருந்தால் அது டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு 'வைரல் ஃபீவர்' என்பது மாதிரிதான். எதற்கும் பொருந்தும்.

வெள்ளை லைட் நிலையாக எரிகிறது என்கிறீர்கள். பிஎஸ்4 எழுந்திருக்கும்போது முதலில் நீலம் துடிக்கும், எல்லாம் சரியாக இருந்தால் வெள்ளையாகி நிற்கும். உங்களுடையது வெள்ளைக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் பிராசசரும் மெமரியும் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன, படம் வெளியே போகிற வழிதான் அடைத்திருக்கிறது. வீடு நன்றாக இருக்கிறது, வாசல் கதவு மட்டும் இறுகிக்கொண்டது என்று வையுங்கள். கதவு இறுகினால் வீட்டை விற்பார்களா?

செலவில்லாமல் பார்க்கக்கூடியது: வேறு கேபிள், வேறு டிவி. அப்புறம் சேஃப் மோட், அதாவது கோளாறு பார்ப்பதற்கென்றே இருக்கும் எளிய நிலை. முழுதாக அணைத்துவிட்டு பவர் பட்டனை அமுக்கிப் பிடியுங்கள். முதல் பீப் கேட்டதும் விடாதீர்கள். 7 விநாடி கழித்து இரண்டாவது பீப் வரும், அப்போது விடுங்கள். கையில் பிடித்து ஆடும் பேடை யூஎஸ்பி வயரில்தான் செருக வேண்டும். அந்த மோடில் படம் மிகக் குறைந்த ரெசல்யூஷனில் போகும். அங்கே படம் தெரிந்தால் ரெசல்யூஷன் செட்டிங்தான் குழப்பம், ஐந்து பைசா செலவில்லை.

16 அக்டோபர் 2024, மதியம்

உள்ளே இருக்கிற கேம் சேவ் (எதுவரை ஆடினோம் என்கிற பதிவு) பற்றி பயமாக இருந்தால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். ஸ்லிம்மில் பின்பக்க மூலையில் ஒரு சின்ன மூடி, உள்ளே ஒரே ஒரு ஸ்க்ரூ. சாதாரண 2.5 இன்ச் சாட்டா டிஸ்க்தான். அந்த 14,000 ரூபாய் பிஎஸ்4-ஐ வாங்கினாலும் இதை அதில் போட்டால் எல்லாம் வந்துவிடும்.

16 அக்டோபர் 2024, மூன்றரை மணி

மேலே உள்ளதைச் செய்யாதீர்கள்!! தஞ்சாவூர்த் தம்பி ஒருவர் காய்ச்சி எடுத்துவிட்டார். அவர் சொல்வதுதான் சரி. பிஎஸ்4 தன் ஹார்ட் டிஸ்கைப் பூட்டித்தான் வைக்கிறது, அந்தப் பூட்டுக்குச் சாவி அதே பெட்டிக்குள் இருக்கிறது. வேறு பிஎஸ்4-ல் போட்டால் அதற்கு ஒன்றும் புரியாது, அழித்துப் புதிதாக ஆரம்பிக்கலாமா என்று கேட்கும். அவசரத்தில் 'ஆம்' அமுக்கினால் கதை முடிந்தது. கழற்றி வைப்பதில் தப்பில்லை, இன்னொரு பெட்டியில் மட்டும் போடக்கூடாது.

சேவ்களை முறையாக எடுப்பதற்கு வழி இரண்டு. செட்டிங்ஸில் போய் பென்டிரைவில் காப்பி பண்ணலாம், அதற்குக் காசு கிடையாது. சந்தா கட்டினால் கிளவுடில் ஏற்றலாம். இரண்டுக்குமே திரையில் படம் தெரிய வேண்டும்! என் பாதி விலைக் கணக்கில் இது எங்கே வருகிறது? வரவே இல்லை.

17 அக்டோபர் 2024

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். நல்லவேளை, ஸ்க்ரூவைத் தொடவில்லை. கேபிள் மாற்றியும் படம் இல்லை. பக்கத்து வீட்டு டிவியிலும் இல்லை, சேஃப் மோடிலும் இருட்டு. உள்ளே அவர் தம்பியின் கிரிக்கெட் கேம் சேவ் இருக்கிறதாம், 11 சீசன். பென்டிரைவில் எடுத்தாயா என்று கேட்டதற்கு, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றானாம். யாருக்குத்தான் தெரியும்? எனக்கும் 2021 வரைக்கும் தெரியாது. அந்தக் கதை பிறகு.

19 அக்டோபர் 2024

'பழைய சாமானைக் கட்டிக்கொண்டு அழாதே' என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்காக என் கஜா கதை.

என்னுடையது பிஎஸ்4-ன் முதல் மாடல், குண்டு என்பார்களே அது. 2015-ல் திருச்சியில் வாங்கினேன். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் தெருவில் நின்றிருந்த மின்கம்பங்களை விரல் விட்டு எண்ணலாம். தென்னை விழுந்ததைப் பற்றி இங்கே எழுதினால் இந்தப் பேச்சு வேறு பக்கம் போய்விடும், விடுகிறேன். எங்களுக்குக் கரண்ட் வந்தது 24-வது நாள். சாயங்காலம் ஆறரை இருக்கும். தெருவே கை தட்டியது. இரண்டு நிமிஷம் குண்டு பல்பு கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தது, ஃபேன் விமானம் மாதிரி சுற்றியது. 'என்ன இவ்வளவு பிரகாசம்' என்று அம்மா கேட்டு முடிக்கவில்லை, டிவி ஸ்டாண்டிலிருந்து பட்டென்று ஒரு சத்தம். எங்கள் வரிசையில் மட்டும் மூன்று ஃபிரிட்ஜ் போனது.

நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற கம்பி) கட். புயலுக்குப் பிறகு அவசரமாக இழுத்த லைனில் நியூட்ரல் கம்பி எங்கோ விட்டிருக்கிறது. வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். நியூட்ரல் போனால் இரண்டு ஃபேஸ் வீடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், நடுவில் நிற்பது 400 வோல்ட்டுக்குப் பக்கம். எந்த வீட்டில் சாமான் குறைவாக ஓடுகிறதோ அந்த வீட்டின் தலையில்தான் அதிகம் ஏறும். எங்கள் வீட்டில் ஒரு பல்பும் ஒரு ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன.

லோ வோல்டேஜை நினைத்துத்தான் நம் ஊரில் எல்லாரும் பயப்படுகிறோம். பம்புசெட்டெல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தால் லைட் மங்கும், மனசு கேட்காது. ஆனால் பிஎஸ்4-ன் சப்ளை 100-லிருந்து 240 வோல்ட் வரை எதிலும் ஓடும். மங்கலால் அது சாகாது, எகிறலால்தான் சாகும். கரண்ட் போனதும் ஸ்விட்சை அணைத்தால் பத்தாது, பிளக்கைப் பிடுங்குங்கள்.

சரி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய கடைக்குப் போனேன். 'மதர்போர்டு அடிச்சிருக்கும் சார், பார்ட்ஸ் வராது.' திரும்பி வரும் வழியில் எங்கள் ஊர் டிவி மெக்கானிக்கிடம் சும்மா காட்டினேன். வயது அறுபதுக்கு மேல். வாழ்நாளில் பிஎஸ்4-ஐப் பார்த்ததில்லை. ஸ்க்ரூவில் நடுவில் முள் வைத்த நட்சத்திரம், அதற்கு அவரிடம் டிரைவர் இல்லை, மொபைல் கடையிலிருந்து இரவல் வாங்கி வந்தார். சப்ளைப் பெட்டியைத் தனியாக எடுத்து, முதல் காரியமாகப் பெரிய கண்டன்சரின் இரண்டு காலிலும் ஒரு பல்பு ஹோல்டரின் வயரை வைத்தார். பல்பு கண் சிமிட்டி அணைந்தது. பிளக்கைப் பிடுங்கி நாளானாலும் கண்டன்சரை நம்பக்கூடாது, உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கலாம் என்றார். அப்புறம் மூடியைச் சாய்த்துக் காட்டினார். ஃபியூஸ் கருகியிருந்தது. பக்கத்தில் பத்து பைசா அளவில் ஒரு நீல வட்டு பாதி வெடித்துப் பிளந்திருந்தது.

"வேரிஸ்டர். வோல்டேஜ் ஏறினா இது செத்து மத்ததைக் காப்பாத்தும். இதுவும் டிவி சப்ளைதான் தம்பி, சட்டைதான் வேற."

ஃபியூஸ், வேரிஸ்டர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ஒன்று, அவர் கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். அந்தப் பெட்டி அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் ஓடியது.

19 அக்டோபர் 2024, கொஞ்ச நேரம் கழித்து

பல்பு ஹோல்டர் வித்தையை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அவருக்கு நாற்பது வருஷக் கை.

21 அக்டோபர் 2024

'ஃபேன் சத்தம் ஜெட் மாதிரி வருகிறது, புதுசு வாங்கலாமா' என்று கும்பகோணத்திலிருந்து ஒருவர். வாங்க வேண்டாம், திறங்கள். ஐப்பசியில் விளக்கைச் சுற்றி மொய்க்கிற பச்சைப்பூச்சி இருக்கிறதே, வயலிலிருந்து வருவது, அது டிவி வெளிச்சத்துக்கும் வரும். டிவிக்குக் கீழே காற்றை உறிஞ்சுகிற பெட்டி. என்னுடையதைத் திறந்தபோது சிப்பின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவில் தூசியும் பூச்சியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரு பட்டை. விரலால் முழுசாக உரித்தெடுத்தேன். ஓரத்தில் பல்லி முட்டை இரண்டு, ஒன்று காலி. உள்ளே கதகதப்பு, இருட்டு, தொந்தரவில்லை. பல்லியைக் குறை சொல்ல முடியுமா?

பிரஷ், காற்று ஊதல், சிப்பிலிருந்து தகட்டுக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, அதைத் துடைத்துப் புதிதாக ஒரு பொட்டு. முன்னூறு ரூபாய்க்குள் முடிந்தது. பிஎஸ்5-க்கு இதே புத்தியோடு போகாதீர்கள். அதில் பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம், கரண்ட் கடத்துவது. ஒரு சொட்டு தவறி ஓடினால் போர்டே போகும். மேல்மூடியைக் கழற்றித் தூசி எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

22 அக்டோபர் 2024

பேட் ஸ்டிக் தானாக நகர்கிறது என்பவருக்கு: அது கன்சோல் பழுதே இல்லை. ஸ்டிக்குக்குள் கார்பன் பட்டையின் மேல் ஒரு நாக்கு தேய்த்துக்கொண்டே போகிறது. பட்டை தேய்ந்தால் நடு எது என்று அதற்கு மறந்துவிடும். மாட்யூல் சின்ன விலைதான், ஆனால் 14 கால்களிலும் ஈயத்தை எடுத்து மாற்ற வேண்டும். காந்தத்தில் வேலை செய்கிற ஹால் சென்சார் ஸ்டிக் கிடைத்தால் அதையே போடச் சொல்லுங்கள், அதில் தேய ஒன்றுமில்லை.

26 அக்டோபர் 2024

2021 கதை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் குண்டு பிஎஸ்4-ல் நீல லைட் துடிக்கும், துடிக்கும், அணைந்துவிடும். வெள்ளைக்கே வராது. இங்கே கேட்ட கேள்விக்கு நேர் எதிர் நோய். மெக்கானிக் ஐயா சப்ளையைப் பார்த்துவிட்டு கையை விரித்தார். 'சப்ளை நல்லா இருக்கு. சிப்புக்குக் கீழே விட்டுருக்கும், அது என் வேலையில்லை.' அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. ஒரு பெரிய ஊரில் ஒரு கடை. ஊரும் பேரும் வேண்டாம். 'ரீபால் பண்ணித் தர்றோம் சார், 4,500.' பத்து நாளில் வந்தது. படம் வந்தது. அன்று இரவு ஒன்றரை மணி வரை ஆடினேன். அந்தச் சந்தோஷம் 23 நாள். மறுபடி நீலம்.

பெட்டியைத் திறந்து மெக்கானிக் ஐயாவிடம் காட்டினேன். சிப்பின் ஓரம் முழுக்கப் பிசின் மாதிரி ஃப்ளக்ஸ் (பற்றவைக்கும்போது தடவுகிற பசை) கருகிக் கிடந்தது. 'எடுக்கவே இல்லை தம்பி. மேலே சூடு காட்டி அனுப்பிட்டாங்க.'

ரீபால் என்றால் சிப்பையே தூக்கி, அடியில் இருக்கிற நூற்றுக்கணக்கான ஈய மணிகளையும் சுரண்டி எடுத்து, புதிதாக மணி வைத்து உட்கார்த்துவது. சூடு காட்டுவது வேறு, அதற்கு ரீஃப்ளோ என்று பேர். பழைய ஈயம் 183 டிகிரியில் உருகும். இப்போது ஈயமே இல்லாத தகரக் கலவை, அதற்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். மேலேயிருந்து ஊதுகிற சூட்டில் அடியில் இருப்பது உருகியதா, லேசாக விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டதா, ஊதியவருக்கே தெரியாது.

என் கடைக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவர் இருக்கிறார். இதை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, 'எங்க தொழில்லயும் அதான்' என்றார். எரிந்த 5 ஹெச்பி மோட்டார் வந்தால் பழைய கம்பியை முழுசாக உருவி, பள்ளங்களைச் சுத்தம் பண்ணி, பேப்பர் வைத்து, புதுச் செம்பு சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது ஒன்று. கருகின இடத்தின் மேல் வார்னிஷை அடித்து, மெக்கர் (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) காட்டி, காசு வாங்குவது இன்னொன்று. இரண்டு மோட்டாரும் கடையை விட்டுப் போகும்போது ஒரே மாதிரிதான் ஓடும். மேட்டூரில் தண்ணீர் திறந்து பத்து நாள் கழித்துத்தான் தெரியும் எது எது என்று.

மைக்ரோசாஃப்டின் கேம் பெட்டி எக்ஸ்பாக்ஸ் 360 சாகும்போது காட்டுகிற சிவப்பு வளையமும் இந்த வகைதான். 2007-ல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு மட்டும் கேரண்டியை 3 வருஷமாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டிவந்தது. உலகம் பூராவும் பசங்கள் பெட்டியைத் துண்டில் சுற்றிச் சூடேற்றிப் பிழைக்கவைத்தார்கள், நாலு நாளைக்கு. கடைசியில் 2021-ல் மைக்ரோசாஃப்ட் ஆட்களே விளக்கினார்கள்: விட்டது போர்டில் ஒட்டிய ஈயம்கூட இல்லை, சிப்பின் உள்ளே இருக்கிற இணைப்பு. சூடாகி ஆறி, சூடாகி ஆறி விரிசல் விட்டிருக்கிறது. அதைத் துண்டு போட்டு எப்படி ஒட்டுவது?

என் 4,500 அப்படிப் போனது. கூடவே எட்டு வருஷம் ஓட்டிய ஒரு கால்பந்து கிளப்பும்.

26 அக்டோபர் 2024, இரவு

எட்டு வருஷம் என்பது கேமுக்குள் எட்டு சீசன். 2015-ல் வாங்கினால் 2021-க்குள் எட்டு வருஷம் எப்படி என்று ஒருவர் கணக்குக் கேட்டுவிட்டார். உரக்கடைக்காரனை இப்படியா சோதிப்பது.

29 அக்டோபர் 2024

திருத்துறைப்பூண்டித் தம்பி, உங்கள் முதல் கேள்வியை இன்று எதற்கோ திரும்பப் படித்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். 'டிவி ஸ்டாண்டை இழுத்துப்போட்டுத் துடைத்து.' இரண்டு வாரமாக சந்தனம் குங்குமத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம், அதற்கு முந்திய வார்த்தையை ஒருத்தரும் படிக்கவில்லை.

ஸ்டாண்டை இழுக்கும்போது டிவிக்குப் படம் கொண்டுபோகிற ஹெச்டிஎம்ஐ கேபிள் செருகியே இருந்ததா? திரும்ப யார் செருகினார்கள்? எப்படி?

மொபைல் டார்ச்சை அடித்து, பிஎஸ்4-ல் அது செருகுகிற ஓட்டைக்குள் பாருங்கள். நடுவில் ஒரு நாக்கு, அதன் மேலும் கீழும் மெல்லிய பித்தளைக் கால்கள், மொத்தம் 19. எல்லாம் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்க வேண்டும்.

30 அக்டோபர் 2024

போட்டோ வந்துவிட்டது. வலது ஓரத்தில் இரண்டு கால் மடங்கி மூன்றாவதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நாக்கும் லேசாகத் தூக்கியிருக்கிறது. அவர் அக்கா பையன், ஏழு வயது, 'நானே மாட்டுறேன் மாமா' என்று தலைகீழாக வைத்து அழுத்தியிருக்கிறான். கேபிள் போகவில்லை என்றதும் இன்னும் அழுத்தியிருக்கிறான். விசாரணையில் ஒப்புக்கொண்டானாம். தீபாவளிக்கு வெடி கட் என்று சொல்லியிருக்கிறார்கள். பாவம், வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

9,000 ரூபாய் போர்டு என்பது இதுதான்.

2 நவம்பர் 2024

அந்த ஹெச்டிஎம்ஐ ஓட்டையை, அதாவது போர்ட்டை, மாற்ற யாரிடம் போவது? கன்சோல் என்று பெயர்ப்பலகை மாட்டிய கடையைத் தேடாதீர்கள். மைக்ரோஸ்கோப் வைத்து மொபைல் சார்ஜிங் போர்ட் மாற்றுகிற பையன் தினமும் இதைவிடப் பொடியான வேலை செய்கிறான். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். கழற்றிய பழைய போர்ட்டைக் கையில் கொடுப்பாயா? படம் வராவிட்டால் எவ்வளவு? போர்ட் மாற்றியும் வராவிட்டால் அடுத்து எதைப் பார்ப்பாய்? மூன்றாவதுக்கு 'ஹெச்டிஎம்ஐ ஐசி, அதுக்கு முன்னாடி இருக்கற குட்டி காயில்கள்' என்கிற மாதிரி பதில் வந்தால் அவனிடம் கொடுங்கள். 'போர்டு போயிருக்கும்' என்றால் பெட்டியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

சிங்கப்பூர் சாமானுக்கு இங்கே பார்ட்ஸ் பொருந்துமா என்றும் கேட்டிருந்தீர்கள். பொருந்தும், போர்ட் எல்லாம் ஒன்றுதான். அங்கேயும் 230 வோல்ட்தான், கேம் டிஸ்குக்கும் நாட்டுப் பூட்டு கிடையாது. புளூரே படம் பார்த்தால் மட்டும் அந்த ஊர் மண்டலம் வேறு, நம் மண்டலம் வேறு.

5 நவம்பர் 2024

டிஸ்க் டிரைவ் கெட்டவர் ஒருவருக்கு, 'செத்த பிஎஸ்4-லிருந்து எடுத்து மாட்டுங்கள்' என்று தனியாகச் சொல்லியிருந்தேன். திருத்தம்: லென்ஸையும் மெக்கானிசத்தையும் மாற்றலாம், டிரைவை ஓட்டுகிற எலக்ட்ரானிக்ஸ் மட்டும் பழையதாகவே இருக்க வேண்டும். அது தன் மதர்போர்டோடு தாலி கட்டிக்கொண்டது. வேறொன்றை வைத்தால் டிஸ்கே படிக்காது. இதையும் தஞ்சாவூர்த் தம்பிதான் பிடித்தார். இனி நான் எழுதுவதை முதலில் அவருக்கு அனுப்பிவிடலாம் போலிருக்கிறது.

28 நவம்பர் 2024

மூன்று நாளாக மழை. சம்பா மூழ்கிக் கிடக்கிறது. கடையில் உரம் கேட்டு யாரும் வரவில்லை, தண்ணீர் எப்போது வடியும் என்று பேசத்தான் வருகிறார்கள். பிஎஸ்4 மன்னார்குடியில் மொபைல் கடையில் இருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அவரால் வர முடியவில்லை. பிறகு பார்ப்போம்.

8 டிசம்பர் 2024

படம் வந்துவிட்டது!

வாங்கப் போனபோது நானும் போய் உட்கார்ந்துகொண்டேன். பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். போர்ட்டை மாற்றியும் முதலில் படம் வரவில்லையாம். மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னான். போர்ட்டுக்குப் பின்னால் கடுகில் பாதி அளவில் வரிசையாகக் காயில்கள், அதில் ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தது. மடங்கிய கால் தொட்டதில் போயிருக்கிறது. செத்த போர்டு ஒன்றிலிருந்து அதே காயிலை எடுத்து வைத்திருக்கிறான். மூச்சை அடக்கி வைத்தேன் அண்ணே, தும்மினால் போச்சு என்றான். 1,700 ரூபாய். பழைய போர்ட்டைக் கேட்காமலே ஒரு குட்டிக் கவரில் போட்டுக் கொடுத்தான்.

15 அக்டோபர் இரவு நான் எழுதிய பாதி விலைக் கணக்கை அழிக்கவில்லை, கிடக்கட்டும். கணக்கு தப்பில்லை, நான் கூட்டிய எண்தான் தப்பு. என்ன போனது என்றே தெரியாத ஒருவர் வாயில் வந்த 9,000-ஐ வைத்து மீதி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டேன். என் 2021 பெட்டிக்கு அதே கணக்கை வைத்தால் 4,500 பாதிக்குக் கீழே, ரிப்பேர் பண்ணு என்றுதான் வந்திருக்கும். இரண்டு இடத்திலும் ஏமாற்றியது, என்ன போனது என்று பார்க்காமல் சொன்ன எண்தான்.

10 டிசம்பர் 2024

திருத்துறைப்பூண்டித் தம்பி பிஎஸ்5 வாங்கப் போகிறாராம். ரிப்பேர் பண்ணியது வீணா என்று எல்லாரும் அவரைக் கிண்டல் பண்ணுகிறீர்கள். நானும் முதலில் 'அடப்பாவி' என்றுதான் நினைத்தேன். ஆனால் யோசித்தால் அவர் செய்வதில் நியாயம் இருக்கிறது. படம் வந்த அன்றே பென்டிரைவில் 11 சீசனையும் எடுத்துவிட்டார். அந்த பிஎஸ்4 சேவ்களை பிஎஸ்5 அப்படியே வாங்கிக்கொள்ளும். ஓடுகிற பிஎஸ்4-ஐ ஒருவர் 11,000-க்குக் கேட்கிறாராம். ஓடாததை 3,000-க்குக் கேட்டவரும் அவரேதான்.

டிஸ்க் போடுகிற மாடலையே வாங்குங்கள் தம்பி, கையில் இருக்கும் பிஎஸ்4 டிஸ்க் ஏறக்குறைய எல்லாமே அதில் ஓடும். 10,000 மிச்சம் என்று டிஸ்க் போட இடமில்லாத டிஜிட்டல் மாடலை வாங்கினால் அத்தனையும் டீ டம்ளருக்கு மூடிதான். இன்னொன்று, பிஎஸ்5 கேம்களின் சேவ்களை இப்படித் தனியாக பென்டிரைவில் காப்பி பண்ண முடியாது, கிளவுடில்தான் ஏற்ற வேண்டும். பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தை இன்றே ஆரம்பியுங்கள். அக்கா பையனைப் பத்தடி தள்ளி உட்காரவையுங்கள்.

13 ஜனவரி 2025, போகி

காலையில் பரணைச் சுத்தம் பண்ணும்போது என் குண்டு பிஎஸ்4 இறங்கி வந்தது. மூன்றரை வருஷத் தூசி. 'இதையும் தூக்கிப் போட்டுட வேண்டியதுதானே' என்றாள் வீட்டுக்காரி. பிளாஸ்டிக்கையும் போர்டையும் நெருப்பில் போட்டால் தெருவே மூச்சு விட முடியாது, பழைய இரும்புக்காரனுக்குப் போட மனசில்லை. டிவி மெக்கானிக் ஐயாவிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சப்ளைப் பெட்டியை மட்டும் கழற்றினார். 2018-ல் அவர் வைத்த வேரிஸ்டர் அப்படியே இருந்தது. இரண்டு கம்பியைச் சேர்த்துப் பிடித்து மீட்டர் வைத்தார். 12 வோல்ட், அசையாமல் நின்றது.

'டீக்கடை ஆம்ப்ளிஃபயருக்கு ஆகும். நாளைக்குப் பொங்கல், பாட்டு போடணும்னு காலைலேருந்து நச்சரிக்கிறான்' என்றார். எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். 650 என்றேன். முறைத்துவிட்டு டீ சொன்னார்.